மூண்டாம் கேள்வி

பங்குனி பிறந்தால் எங்கட கிளிநொச்சிப் பக்கம் தேத்தண்ணிக் கடையில இருந்து கோயில் வாசல் வரைக்கும் ஒரே கதைதான்: "இந்தமுறை சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர்?" காலபோகம் மழையை நம்பிப் போகும். சிறுபோகம் இரணைமடுவில கிடக்கிற தண்ணியை நம்பித்தான். கமக்காரர் அமைப்புக்காரர், நீர்ப்பாசனப் பொறியியலாளர்மார், மாவட்டச் செயலாளர் எல்லாரும் இருந்து கூட்டம் வைச்சுத்தான் ஏக்கர் கணக்கை முடிவெடுக்கிறது.

அந்தக் கூட்டங்களில எனக்கு மறக்க ஏலாத ஒரு ஐயா இருந்தார். கடைசி வரிசையில இருப்பார், கையில ஒரு பழைய கொப்பி. எப்பவும் மூண்டே மூண்டு கேள்விதான்.

"சேர், குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது?"

பொறியியலாளர் சொல்லுவார்.

"அதில எத்தினை அடி வயலுக்கு?"

அதுக்கும் பதில் வரும்.

"அப்ப மிச்சத் தண்ணி என்னத்துக்கு?"

இந்த மூண்டாவதுக்குத்தான் பொறியியலாளர் கடதாசியைத் திருப்பிப் பார்ப்பார். குடிதண்ணிக்கு இவ்வளவு, மீனுக்கும் மாட்டுக்கும் இவ்வளவு, வெயில் குடிக்கிறது இவ்வளவு எண்டு ஒவ்வொண்டாச் சொல்லவேண்டி வரும். ஐயா கொப்பியில எழுதுவார். அடுத்த வருசம் அதே கொப்பியைத் திறந்து, "போனமுறை வெயிலுக்கு இவ்வளவு எண்டு சொன்னியள், உண்மையில எவ்வளவு போச்சு?" எண்டு கேட்பார். அவர் இருக்கிற கூட்டத்துக்கு அதிகாரிமார் கணக்கோடதான் வருவினம்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், மாகாண சபை எண்டு ஒண்டு எங்களுக்கு இருந்த காலத்தில, அதின்ர உண்மையான வேலை அந்த ஐயாவின்ர வேலைதான் எண்டு நான் நினைக்கிறன். அந்த வேலைக்கு இப்ப ஆளில்லை.

இளம் பிள்ளைகளுக்கு இது வடிவாத் தெரியாது, அதால கொஞ்சம் விளக்கிச் சொல்லுறன். 1987-இல் வந்த 13ஆவது திருத்தத்தோடதான் மாகாண சபைகள் வந்தன. எது மாகாணத்துக்கு, எது கொழும்புக்கு, எது ரெண்டு பேருக்கும் எண்டு மூண்டு பட்டியல் இருக்கு. வடக்குக்கு எண்டு தனியாக முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21-இல். மொத்தம் 38 உறுப்பினர்கள். எங்கட மாவட்டத்துக்கு நாலு பேர். சபை கைதடியில கூடினது.

பட்டியலைப் பார்த்தால் எங்கட சீவியத்தில பாதி மாகாணத்தின்ர கையிலதான் கிடக்கு. தேசியப் பாடசாலை தவிர்ந்த மற்றப் பள்ளிக்கூடங்கள், சின்ன ஆஸ்பத்திரிகள், இரணைமடு மாதிரி மாகாணத்துக்குள்ளயே ஓடுற ஆத்துக் குளங்கள், சி, டி தர வீதிகள், தனியார் பஸ்ஸுக்குக் குடுக்கிற பேமிற். ஏ9 வீதி கொழும்பின்ர. அதில இருந்து உள்ளுக்குத் திரும்பினால் மாகாணம். அதிலயும் உள்ளுக்குப் போனால் பிரதேச சபை. ஒரு கமக்காரன் ஒரு மூட்டை நெல்லை வயலில இருந்து சந்தைக்குக் கொண்டுபோற வழியில மூண்டு அரசாங்கத்தின்ர றோட்டில ஏறி இறங்குறான். பள்ளம் மட்டும் ஒரே மாதிரி.

2015-இல் எங்கட ஊர் றோட்டு அப்பிடித்தான் கிடந்தது. மாரியில ரக்ரர் பெட்டி புதையும். நாங்கள் பத்துப் பதினைஞ்சு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மாகாண சபை உறுப்பினரிட்டக் கடிதம் குடுத்தம். அவர் வாசிச்சுப்போட்டு, "றோட்டுப் போட்டுத் தாங்கோ எண்டு நான் அங்க பேசினால் பேப்பரில ஒரு வரி வரும். அதால ஒண்டும் நடக்காது. கேள்வியாத் தாறன்" எண்டார். அவர் எழுதின கேள்வியில மூண்டு பகுதி இருந்தது. இந்த வீதி யார்ட பட்டியலில இருக்கு? கடந்த ரெண்டு வருசத்தில இதுக்கு ஏதாவது காசு ஒதுக்கினதா? இல்லையெண்டால் அடுத்த வருச முன்னுரிமைப் பட்டியலில எத்தினையாவது இடத்தில இருக்கு?

அண்டைக்கு நானும் ஏ9-ஆல பஸ் ஏறிக் கைதடிக்குப் போனன். பொதுமக்கள் பக்கத்தில இருந்து பார்த்தன். அதுக்கு முதல் நாலைஞ்சு பேர் நீட்டி முழக்கிப் பேசிச்சினம். கொழும்பைப் பற்றி, ஐ.நா.வைப் பற்றி, ஆளாளுக்கு ஒருத்தரை ஒருத்தர் பற்றி. பேப்பர்காரர் விழுந்து விழுந்து எழுதிச்சினம். எங்கட றோட்டு வந்தபோது பேப்பர்காரர் தேத்தண்ணி குடிக்கப் போட்டினம்.

பதில் ரெண்டு நிமிசம்தான். வீதி டி தரப் பட்டியலில இருக்கு. இதுவரை காசு ஒதுக்கேல்லை. அடுத்த வருசம் பார்ப்பம். உறுப்பினர் திரும்ப எழும்பி, "எத்தினையாவது இடம்?" எண்டார். அமைச்சருக்குப் பின்னால இருந்த அதிகாரி ஒரு துண்டை நீட்டினார். "முதல் பத்துக்குள்ள இருக்கு."

அவ்வளவுதான். கைதட்டல் இல்லை. ஆனால் அந்த வசனம் சபைப் பதிவேட்டில ஏறிப்போச்சு. அடுத்த வருசம் நாங்கள் கந்தோருக்குப் போனபோது "எந்த றோட்டு?" எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அதுக்கும் அடுத்த வருசம் கிரவல் விழுந்தது. சுணங்கித்தான் விழுந்தது, ஆனால் விழுந்தது.

காசைப் பற்றியும் ஒரு விசயம் அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. மாகாணம் தானாச் சேர்க்கிற காசு கொஞ்சம். நாங்கள் ரக்ரருக்கும் மோட்டச்சைக்கிளுக்கும் வருசாவருசம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரக் காசு அதில ஒண்டு. மிச்சம் கொழும்புத் திறைசேரியில இருந்து வருது, நிதி ஆணைக்குழுவின்ர சிபாரிசில. வாறதில பெரும்பகுதி ஆசிரியர்மார், தாதிமார், உத்தியோகத்தரின்ர சம்பளத்துக்குப் போயிடும். றோட்டுக்கும் வாய்க்காலுக்கும் மிஞ்சுறது சின்னப் பங்கு. 

"அப்ப இவையளால என்ன செய்ய ஏலும்?" எண்டு கனபேர் கேட்டவை. நான் அதை மற்றப் பக்கமாப் பார்க்கிறன். குளத்தில தண்ணி குறைஞ்ச வருசத்திலதான் ஐயாவின்ர மூண்டாம் கேள்வி முக்கியம். நிறைஞ்ச வருசத்தில ஆரும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. சின்னப் பங்கைப் பிரிக்கேக்கைதான் யாருக்குக் குடுத்தது, யாருக்கு விட்டது, ஏன் எண்டு கேக்க ஒரு ஆள் வேணும்.

சபையைப் புனிதமாக்கிச் சொல்ல நான் வரேல்லை. அஞ்சு வருசத்தில நூற்றுக்கணக்கில தீர்மானம் போட்டினம். அதில சிலது வரலாற்றில நிக்கும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தீர்மானத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லத் தேவையில்லை. கேள்விக்குச் சொல்ல வேணும். தங்களுக்குள்ள சண்டையும் பிடிச்சினம். முதலமைச்சர் தன்ர அமைச்சர்மாரையே விசாரிக்க 2016-இல் ஒரு குழு போட்டார். 2017 ஜூனில் ரெண்டு அமைச்சர்மார் பதவி விலகிச்சினம், முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையும் போச்சு. அந்த நேரம் ஊரில எல்லாரும் "பாத்தியளே, இதுக்கே வோட்டுப் போட்டனாங்கள்" எண்டு சிரிச்சினம். நானும் சிரிச்சன். இப்ப யோசிச்சால், விசாரிக்கிறதும் பதவி விலகுறதும் எங்கட கண்ணுக்கு முன்னால நடந்தது எண்டதே ஒரு பெரிய விசயம்.

2018 ஒக்டோபரோட சபையின்ர காலம் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு தேர்தல் இல்லை. 2017-இல் தேர்தல் சட்டத்தை மாத்திச்சினம். எல்லை பிரிச்ச அறிக்கை 2018-இல் பாராளுமன்றத்தில தோத்துப்போச்சு. புது முறையிலயும் இல்லை, பழைய முறையிலயும் இல்லை எண்டு நடுவில நிண்டுபோச்சு. எங்கட மாகாணம் மட்டுமில்லை, 2019 முடியமுன்னமே ஒன்பது மாகாணத்திலயும் சபை இல்லாமல் போச்சு. ஆளுநரும் செயலாளர்மாரும் நடத்தினம். பள்ளிக்கூடம் நடக்குது, ஆஸ்பத்திரி நடக்குது, வருசாவருசம் வரவு செலவும் போகுது. எழும்பி நிண்டு "எத்தினையாவது இடம்?" எண்டு கேக்கத்தான் ஆளில்லை.

சபை முடிஞ்சு ரெண்டு மாசத்தில, 2018 மார்கழியில, வெள்ளம் வந்தது. இரணைமடுக் கதவெல்லாம் திறந்த அந்த இரவை எங்கட பக்கத்தில ஒருத்தரும் மறக்கமாட்டினம். அண்டைக்கு எங்கட வயல் வழியில, கழிவு வாய்க்காலுக்கு மேல இருந்த மதகு போச்சு. சின்ன மதகுதான். ஆனால் அதுக்கு அங்கால எழுபது ஏக்கருக்கு மேல வயல், பதினாலு குடும்பம்.

நாங்கள் முதலாவது கந்தோருக்குப் போனம். வழி எங்கடை, வாய்க்கால் எங்கடை இல்லை எண்டினம். ரெண்டாவது கந்தோர், வாய்க்கால் எங்கடை, மதகு எங்கடை இல்லை. மூண்டாவது கந்தோரில இருந்த பிள்ளை மரியாதையாக் கதிரை தந்து, முழுக்கக் கேட்டு எழுதி வைச்சுது. எழுதினதோட சரி. ஒருத்தரையும் குறை சொல்ல நான் பேர் எழுதேல்லை. அவையும் தங்கட கொப்பியில இல்லாததைத் தங்கடை எண்டு சொல்ல ஏலாது. மூண்டு கந்தோரையும் ஒரே இடத்தில நிப்பாட்டிக் கேக்க ஒரு ஆள் இல்லை. அதுதான் பிரச்சினை.

ஊராலதான் சீமெந்துக் குழாய் வாங்கிப் போட்டம். அடுத்த மாரி அதையும் கொண்டுபோச்சு. இப்ப ரெண்டு பனங்குற்றி போட்டிருக்கு. நெல் லொறி வராது, சுத்தித்தான் போக வேணும். வியாபாரி அந்தச் செலவை மூட்டை விலையில கழிச்சுத்தான் காசு தருவார். போன மார்கழி பக்கத்து வீட்டுப் பெட்டை பள்ளிக்கூடம் போகேக்க குற்றியில சறுக்கி விழுந்து கை முறிஞ்சுபோச்சு.

அதுக்குப் பிறகுதான் என்ர மகள் சொன்னாள், "அப்பா, தகவல் அறியும் சட்டத்தில போடுங்கோ." 2017 பெப்ரவரியில நடைமுறைக்கு வந்த சட்டம் அது. எந்த அரச கந்தோரிலயும் தகவல் உத்தியோகத்தர் ஒருத்தர் இருக்க வேணும், பதினாலு வேலை நாளுக்குள்ள தகவலைத் தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்ல வேணும். பதில் திருப்தியில்லையெண்டால் மேன்முறையீடு செய்யலாம், ஆணைக்குழுவரைக்கும் போகலாம். மூண்டு கந்தோருக்கும் ஒரே மூண்டு கேள்வியைப் போட்டன். இந்த மதகு யார்ட பதிவேட்டில? வெள்ளத்துக்குப் பிறகு மதிப்பீடு செய்ததா? செய்திருந்தால் காசு ஏன் வரேல்லை?

ரெண்டு கந்தோர் "எம்முடையதல்ல" எண்டு எழுதிச்சினம். மூண்டாவதில இருந்து வந்த கடிதத்தைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தன். 2019-இல் மதிப்பீடு செய்து, தொகையும் எழுதி, பட்டியலில சேர்த்திருக்கினம். "நிதி கிடைக்கப்பெறவில்லை." இவ்வளவு வருசமா ஒருத்தரும் அதைப் பற்றி ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை, அதால ஒருத்தரும் சொல்லேல்லை.

அந்தக் கடிதம் பெரிய விசயம்தான். ஆனால் கடிதத்தைப் பார்த்து "அப்ப அந்தப் பட்டியலில ஆருக்குக் காசு கிடைச்சது?" எண்டு உடனே கேக்க ஏலாது. திரும்பப் போட வேணும், திரும்பப் பதினாலு நாள். அமைச்சருக்குப் பின்னால இருந்து துண்டு நீட்டின அந்த அதிகாரி கடிதத்துக்குள்ள இல்லை.

2023 மார்ச்சில இருந்து பிரதேச சபையிலயும் ஆளில்லாமல்தான் கிடந்தது. 2025 மேயில தேர்தல் நடந்து இப்ப எங்கட வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார். கடிதத்தின்ர பிரதி ஒண்டு அவரிட்டக் குடுத்திருக்கிறன். "இது எங்கட அதிகாரத்துக்கு மேலாலை அண்ணை, எண்டாலும் கேக்கிறன்" எண்டார். மாகாண சபைத் தேர்தலும் வரும் வரும் எண்டு எல்லாக் கட்சியும் சொல்லுது. வந்தால், வோட்டுக் கேட்டு வாற ஒவ்வொருத்தரிட்டயும் நான் ஒண்டுதான் கேக்கப்போறன்: தம்பி, நீங்கள் அங்க போய்ப் பேசப்போறியளோ, கேக்கப்போறியளோ?

அந்த ஐயா இப்ப இல்லை. அவற்ற கொப்பி மகனிட்ட இருக்கு. இந்தமுறை சிறுபோகக் கூட்டத்துக்கு மகன் அதைக் கொண்டுவந்தவர், ஆனால் கேக்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்தார். கடைசியா நான்தான் எழும்பினன்.

"சேர், மிச்சத் தண்ணி என்னத்துக்கு?"

பொறியியலாளர் கடதாசியைத் திருப்பினார். மகன் எழுதினார்.