அரை நிமிடம்

சென்ற மாதம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். பழைய பிலிம் கமரா ஒன்று கிடைத்ததாம். கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவப் பழகுகிறார். "ஐயா, ஸ்டொப் பாத் கட்டாயம் வேண்டுமா? வெறும் தண்ணீரே போதும் என்கிறார்களே?" என்று கேட்டார்.

ஒரு வரியில் விடை சொல்லியிருக்கலாம். என்னால் இயலவில்லை. உள்ளே சென்று ஒரு பழைய காகித உறையை எடுத்து வந்தேன். 1994ஆம் ஆண்டு நான் கழுவிய பிலிம் ஒன்று, துண்டுகளாக அதனுள் இருக்கிறது.

கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகையில் சேர்ந்த புதிது அது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை அறை. இரவில் அதன் குளியலறையே எனக்கு இருட்டறை. என் அப்பாயி ஹந்தானைச் சரிவிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்து வந்தார். இலங்கையில் 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்களை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றது. அந்தப் பெண்கள் பெயரில்லாமலே உலகைச் சுற்றினார்கள். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த என் அப்பாயியிடமோ தன்னுடைய படம் ஒன்றுகூட இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலைவாரி, பெட்டியில் வைத்திருந்த சேலையை உடுத்தி, லயத்து வாசலில் வந்து அமர்ந்தார். 36 படங்களையும் அவருக்கே செலவிட்டேன்.

பிலிம் கழுவுவதில் மூன்று கட்டங்கள் உண்டு. டெவலப்பர் காரத்தன்மை உடையது. ஒளிபட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றிப் படத்தை எழுப்புவது அது. ஹைப்போ என்று ஸ்டூடியோக்காரர் அழைக்கும் ஃபிக்சர், எஞ்சிய உப்பைக் கரைத்தெடுத்துப் படத்தை நிலைக்கச் செய்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் வருவதே ஸ்டொப் பாத். அது வெறும் புளிப்பு நீர்தான். பிலிமில் ஊறியிருக்கும் காரத்தை முறித்து, டெவலப்பரின் வேலையை அக்கணமே நிறுத்துகிறது. அடுத்து வரும் ஹைப்போவையும் கெடாமல் காக்கிறது. அரை நிமிடம் போதும்.

எனக்குத் தொழில் கற்பித்த கண்டி ஸ்டூடியோ முதியவர், இறப்பர்ப் பாலை உறைய வைப்பதற்கு விற்கும் அசற்றிக் அமிலத்தையே வாங்கி வருவார். "தண்ணியில அமிலத்த ஊத்து தம்பி, அமிலத்துல தண்ணிய ஊத்தாத" என்பதே அவர் தந்த முதற்பாடம். வெப்ப நாட்களில் பிலிமின் ஜெலற்றின் பூச்சு ஊதி மென்மையாகிவிடும் என்பதால் குரோம் படிகாரம் கலந்த நீரையும் வைத்திருப்பார்.

அன்றிரவு என்னிடம் அமிலம் தீர்ந்திருந்தது. ஹைப்போவோ பலமுறை பயன்படுத்தியது. மாதக் கடைசி. அதற்கு முன்னரும் தண்ணீரால் அலசியே சமாளித்திருக்கிறேன் என்ற துணிவு வேறு. டெவலப்பரைக் கொட்டினேன், ஒரேயொரு தடவை தண்ணீர் விட்டுக் குலுக்கினேன், ஹைப்போவை ஊற்றினேன்.

காய்ந்த பின்னர் பார்த்தேன். படச்சட்டங்கள் அனைத்தின் மீதும் ஒரு படலம். சாய்த்துப் பார்த்தால் பச்சை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் செம்மை. காரம் புகுந்த, களைத்த ஹைப்போவுக்குள் டெவலப்பர் தொடர்ந்து வேலை செய்ய, கரைந்த வெள்ளி மிக நுண்ணிய துகள்களாய்ப் படிவதால் வருவது இது. அப்பாயியின் முகம் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தது.

"படம் வந்திருச்சா ராசா?" என்று கேட்டார் அப்பாயி.

"அடுத்த வாரம் அப்பாயி" என்றேன். உண்மையைச் சொல்ல வெட்கம். புதிய பிலிம் வாங்கி மறுபடியும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். செய்திகளின் பின்னால் ஓடியதில் வாரங்கள் கழிந்தன. இரண்டு மாதத்தில் அப்பாயி போய்விட்டார். சாவு வீட்டில் மாலையிட்டு வைக்க ஒரு படம் தேடினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

ஆகவே அந்த இளைஞருக்கு நான் சொன்னது இதுதான்: தண்ணீர் போதும் என்பதில் பிழையில்லை. பலமுறை மாற்றி மாற்றி நன்றாக அலச வேண்டும். ஹைப்போ புதிதாக இருக்க வேண்டும். ஆனால் மனிதன் களைத்திருக்கும் இரவுகளில் இவ்விரண்டிலும் தவறிவிடுவான். அந்த இரவுகளுக்காகவே ஸ்டொப் பாத்தைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். 5 வீத அமிலமுள்ள வெள்ளை வினாகிரி ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் அதுவே போதும். மணம் பிடிக்காவிட்டால் 1 லீற்றர் தண்ணீரில் 15 கிராம் சிற்றிக் அமிலம். வெப்பநிலை மட்டும் டெவலப்பரை ஒட்டியே இருக்கட்டும்.

அவர் பிலிமை ஜன்னலோரம் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "கண்கள் தெரிகின்றன ஐயா. ஸ்கேன் செய்து பார்க்கட்டுமா?" என்றார். முப்பது ஆண்டுகளாக எவரிடமும் கொடுக்காததை அவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அவர் இன்னும் வரவில்லை. பரீட்சைக் காலமாக இருக்கலாம். அவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது நான் கேட்கப்போவது, அப்பாயி என்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான்.