புள்ளியும் பேனும்

தமிழில் பேன், கன்னடத்தில் ஹேனு. பால் ஹாலு ஆனதும் புலி ஹுலி ஆனதும் எவ்வழியோ அவ்வழியே இதுவும் திரிந்தது. மீன் மட்டும் ஏறத்தாழ மீனாகவே நின்றுவிட்டது. ஆகவே மைசூரில் வாழும் ஒரு தமிழருக்கு, கெண்டைக் குளங்களைச் சீரழிக்கும் மீன்பேனின் பெயரை அண்டை வீட்டாருக்கு விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. அதன் செயலை விளக்குவதுதான் கடினம்.

ஆர்குலஸ் எனப்படும் இவ்வுயிர், பெயரில்தான் பேன். உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. சில மில்லிமீட்டரே நீளும் தட்டை உடல். இரு உறிஞ்சு கிண்ணங்களால் ரோகு, கட்லா ஆகியவற்றின் தோலைப் பற்றி, ஊசி போன்ற உறுப்பால் துளைத்துக் குருதி உண்கிறது. புண்ணின் வழியே பாக்டீரியாக்கள் நுழைகின்றன; மீன் இரையை வெறுக்கிறது. பெண் பேன் முட்டையிட மீனை விட்டு விலகிக் கல்லையோ கழியையோ தேடும். இதை அறிந்த வளர்ப்போர் குளத்தில் மூங்கிலையும் பலகையையும் நட்டுவைத்து, முட்டை ஒட்டியதும் எடுத்து வெயிலில் காயப்போடுவர். பூச்சிக்கொல்லியைவிட இது எவ்வளவோ மேல். மருந்து பேனோடு நில்லாமல், கட்லா உண்ணும் நுண்ணிய விலங்கு மிதவைகளையும் அழித்துவிடும்.

ஒரே குளத்து மீன்களுள் ஒன்றின் மேல் பேன் மொய்க்கிறது. மற்றொன்று ஏறக்குறைய தப்பித்துவிடுகிறது. பரம்பரை இதற்கு ஓரளவு விடை. புவனேசுவரத்து நன்னீர் மீன் வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1992 முதல் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஜெயந்தி ரோகு, தலைமுறைக்குச் சராசரி 17 விழுக்காடு வளர்ச்சி கூடியது என்பது அவ்வழியின் வெற்றி. ஆனால் மரபணு எழுத்து மாறாமலே அதன் வாசிப்பு மாறக்கூடும். வாடிங்டன் 1942-இல் எபிஜெனடிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கினார்; தமிழில் மேல்மரபியல் எனலாம்.

தமிழ் அறிந்தவருக்கு இதைச் சொல்ல வெளியே உவமை தேட வேண்டாம். ககரத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் அதன் அகரம் அடங்கிவிடுகிறது. எழுத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது. டி.என்.ஏ.வின் சைட்டோசின் மேல் ஏறும் மெத்தில் குழுவும் அத்தகையதே. மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது நெருக்கமாக அமர்ந்தால், பெரும்பாலும் மரபணு மௌனமாகும். (எங்கும் அப்படியே அன்று, மரபணுவின் நடுவில் அமரும் மெத்திலுக்கு வேறு பொருள். உவமை அவ்விடத்தில் நின்றுவிடுகிறது.) ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் விட்ட ஏடுகளைப் படித்தோர் சூழலைக்கொண்டே ஒலியை உணர்ந்தனர். உயிரணுவுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. குறி இருந்தாக வேண்டும். ஹிஸ்டோன் புரதங்கள் டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டிய சுவடியாகவும் வைக்கும், அவிழ்த்துக் கொடுக்கவும் செய்யும்.

நோயெதிர்ப்புக்கு இதில் நேரடிப் பங்குண்டு. பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பு அணுக்களும் பழைய தாக்குதலை நினைவில் வைக்கும் என்ற கருத்துக்கு 2011-இல் 'பயிற்சி பெற்ற நோயெதிர்ப்பு' என்ற பெயர் கிட்டியது. ஹிஸ்டோன் குறிகளே அந்நினைவின் இருப்பிடம். ஈஸ்ட்டின் செல்சுவரில் கிடைக்கும் பீட்டா குளுக்கானை மீன் தீவனத்தில் கலக்கும் பழைய வழக்கம் இன்று புதிய கவனம் பெறுவது இதனால்தான். மீன்பேனுக்குச் சந்தையில் தடுப்பூசி இல்லாத நிலையில் இது சிறிய செய்தி அன்று.

குறிகள் சந்ததிக்குச் செல்லுமா? பாலூட்டிகளின் கருவில் அவை பெரும்பாலும் துடைக்கப்படுகின்றன. வரிக்குதிரை மீனில் தந்தை விந்தின் மெத்தில் அமைப்பு கருவிலும் நிலைப்பதை 2013-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. 2017-இல் கனடாவின் கோஹோ சால்மன் ஆய்வு இன்னும் சங்கடமானது: பொரிப்பகத்து மீனும் ஆற்று மீனும் மரபணுவில் அதிகம் வேறுபடவில்லை, மெத்தில் குறிகளிலோ வேறுபட்டன, அதுவும் இரு ஆறுகளில் ஒத்த வகையில். பொரிப்பகமும் எழுதுகிறது என்று பொருள்.

மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவன வளாகத்திலிருந்து தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் பாடநூல்களைத் தமிழ்ப்படுத்துகிறது. கலைச்சொல் அங்கே கிடைத்துவிடும். தாய்மீன் பதிவேட்டிலோ எடை, வயது, ஊசியின் அளவு ஆகியவற்றுக்கு அருகே இன்னொரு பத்தி வேண்டும்: சென்ற கோடையில் இம்மீனைப் பேன் தாக்கியதா, அப்போது அது என்ன தின்றது.