கடைசி ஒரு கஜம்

என் பெண்ணின் பிரசவத்துக்காக 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்துக்குப் போயிருந்தேன். கிரீன்வில் என்று ஊர். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், நடு ராத்திரி அழுகை என்று ஆறு வாரம் போனதே தெரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் அவ்வப்போது வந்து, "அத்தை, நான் ஒரு நாள் குளிப்பாட்டட்டுமா?" என்று கேட்பார். "உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? நான் இருக்கேனே!" என்று அனுப்பி விடுவேன்.

ஒரு நாள் என் பெண் சொன்னாள்: "அம்மா, வந்ததிலேருந்து நீ இந்த அடுப்பைத் தவிர ஒண்ணும் பார்க்கலை. பக்கத்து வீட்டு அம்மா கிளெம்சனுக்குப் போறாங்களாம். கூடப் போயிட்டு வாயேன்."

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். காரை அவரே ஓட்டினார். முக்கால் மணி நேரப் பயணம். கிளெம்சனை நெருங்கியதும் பார்க்கிறேன், சாலையிலேயே பெரிய பெரிய புலிப் பாதங்களை ஆரஞ்சு வர்ணத்தில் வரைந்திருக்கிறார்கள்! அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்குப் 'புலிகள்' என்று பெயராம். ஊரின் ஜனத்தொகை சுமார் 17,000. அங்கேயுள்ள மைதானத்திலோ 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். அம்மாடியோ! தேரைவிடத் தேர்முட்டி பெரிது என்பது போலல்லவா இருக்கிறது!

"என் மகனும் காலேஜில் லைன்மேனாக இருந்தான்" என்றார் அந்த அம்மாள்.

எனக்கோ லைன்மேன் என்றால் மின்சாரக் கம்பத்தில் ஏறுகிறவர்தான் நினைவுக்கு வந்தார். அதைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

நம்மூர் கால்பந்து வேறு, இது வேறு. பந்து உருண்டையாக இருக்காது, இரண்டு முனையும் கூராக இருக்கும். கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். மடிசார்ப் புடவையின் ஒன்பது கஜத்தோடு இன்னும் ஒரு கஜம் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் தூரம்! முன்னேறா விட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். ஒன்பது கஜம் சுலபமாகப் போய்விடுகிறவர்களும் அந்தக் கடைசி ஒரு கஜத்தில்தான் திண்டாடுவார்களாம். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாலும் அதே கதைதான். ஓட இடமில்லை, பந்தை எறிய இடமில்லை. எதிரில் மதில்சுவர் போல ஆட்கள்.

முன்வரிசையில் நின்று எதிரியைத் தடுக்கும் பெருத்த ஆட்கள்தாம் லைன்மேன்கள். பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு ஒரு வரிசை, தற்காக்கும் பக்கத்துக்கு ஒரு வரிசை. அந்தக் காலத்தில் ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்தார்களாம். 1960-களில் கல்லூரி ஆட்டத்தில் தடையில்லாமல் ஆள் மாற்றலாம் என்று ஆனதும் அவரவருக்கு ஒரு வேலை என்றாகிவிட்டது.

ஆனால் அந்த ஒரு கஜம் வரும்போது மட்டும் சில பயிற்சியாளர்கள் தற்காப்பு வரிசைக்காரரைக் கூப்பிட்டு, "நீ பந்துக்காரனுக்கு முன்னால் போய் வழியை இடித்துத் திற" என்பார்கள். காரணம் இருக்கிறது. இவருக்கு எடை உண்டு, அந்த எடைக்கு ஆச்சரியமான வேகமும் உண்டு. இரண்டே எட்டில் மோத வேண்டிய இடத்தில் முதல் எட்டு யாருடையது என்பதுதான் கணக்கு. எதிரே நிற்பவனும் தன்னைப் போலத் தற்காப்புக்காரன் என்பதால், அவன் எங்கே குனிவான், எங்கே நுழைவான் என்று இவருக்கு மனப்பாடம்.

இதில் பெயர் பெற்றவர் இந்தக் கிளெம்சனில் படித்த வில்லியம் பெரி. எடை சுமார் 140 கிலோ. துவைக்க வேண்டிய துணிகளோடு இவர் லிஃப்டில் நின்றபோது, உள்ளே நுழைய முடியாமல் தவித்த தோழர் ஒருவர், "நீ என்ன, ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கிறாயே!" என்றாராம். பெயர் நிலைத்துவிட்டது. 1985-இல் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்தார். அந்த அக்டோபரில் கிரீன் பே அணியோடு நடந்த ஆட்டத்தில், பயிற்சியாளர் மைக் டிட்கா இவரை எல்லைக்கோட்டருகே இறக்கினார். இவர் வழி திறக்க, வால்டர் பேட்டன் இரண்டு முறை கோட்டைத் தாண்டினார். ஒரு முறை பந்தை இவரிடமே கொடுத்தார்கள், இவரும் தாண்டினார்! 1986 ஜனவரியில் சூப்பர் பௌல் ஆட்டத்திலும் அப்படியே.

கல்லூரிகளிலும் இந்த வழக்கம் உண்டு. கிளெம்சன் அணியே 2018-இல் கிறிஸ்டியன் வில்கின்ஸ், டெக்ஸ்டர் லாரன்ஸ் என்ற இரண்டு தற்காப்பு மல்லர்களை இப்படி இறக்கியது. பெரியின் நினைவாக அந்த அணிவகுப்புக்கு 'ஃப்ரிட்ஜ்' என்றே பெயர். அந்தப் பருவத்தில் ஆடிய பதினைந்து ஆட்டங்களிலும் ஜெயித்து, தேசிய வெற்றிக் கோப்பையும் பெற்றார்கள்.

இதற்குள் மைதானத்தின் கிழக்குப் பக்கம் வந்துவிட்டோம். புல் மூடிய மேடு. அதன் உச்சியில் ஒரு பாறை. கலிபோர்னியாவின் 'மரணப் பள்ளத்தாக்கி'லிருந்து கொண்டு வந்து 1966-இல் வைத்தார்களாம். ஆட்டத்துக்கு முன் வீரர்கள் அதைத் தடவிவிட்டு மேட்டிலிருந்து கீழே ஓடி வருவார்கள். கோயில் வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுவது போல என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்கள் மகனும் வழி திறந்திருக்கிறாரா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் சற்று நேரம் பாறையையே பார்த்தார். "ஒரே ஒரு நாள்" என்றார்.

மகன் படித்தது வேறொரு சிறிய கல்லூரியாம். வெள்ளிக்கிழமை மாலை சொல்லி, சனிக்கிழமை இறக்கினார்களாம். "ரெண்டும் ஒரே இடிதானே என்று வெளியிலே இருக்கிறவர்களுக்குத் தோணும். அப்படி இல்லை. தற்காப்புக்காரன் பந்து அசையறதைக் கண்ணால் பார்த்துப் பாயணும். இந்தப் பக்கம் வந்தால், தன் அணித் தலைவன் குரலைக் காதால் கேட்டுக் கிளம்பணும். முன்னாடியே அசைஞ்சால் அஞ்சு கஜம் தண்டனை. அங்கே எதிரியை உதறிட்டுப் போகணும். இங்கே இடுப்பைத் தாழ்த்தி, சின்ன எட்டாய் வைத்து, அவனோடு ஒட்டித் தள்ளிக்கிட்டே இருக்கணும். இவன் பழக்கத்திலே உதறிட்டுத் திரும்பினான். பக்கவாட்டிலே ரெண்டு பேர் காலிலே விழுந்தாங்க. முழங்கால் போச்சு."

இரண்டு அறுவை சிகிச்சை. அத்தோடு ஆட்டம் முடிந்தது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பயிற்சி தருகிறாராம்.

"கூப்பிட்டவர் மேல் கோபமில்லையா?" என்றேன்.

"கூப்பிட்டதுக்குக் கோபமில்லை. அவன் எவ்வளவு சந்தோஷமாகப் போனான் தெரியுமா! சொல்லிக் கொடுக்காமல் கூப்பிட்டதற்குத்தான். என் மகன் இப்போ பெரிய பையன்களை அந்த வேலைக்குக் கேட்பதானால், மூணு வாரம் பழக்காமல் இறக்கமாட்டான்."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சே மனத்தில் ஓடியது. இன்னும் பத்து நாளில் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அப்புறம் என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வந்தால்? மாப்பிள்ளைதானே குழந்தையைத் தூக்க வேண்டும்? கேட்டபோதெல்லாம் விரட்டிவிட்டு, ஆபத்துக்கு மட்டும் இறங்கு என்றால் அவர் என்ன செய்வார், பாவம்!

மறுநாள் காலை வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, இங்கே வாங்க" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்.

"முதல்லே முழங்கையை விட்டுச் சூடு பாருங்க. இடது கையாலே கழுத்தைத் தாங்கிக்குங்க. அவசரப்பட வேண்டாம்."

முதல் நாள் அவர் கை நடுங்கியது. ஐந்தாம் நாள் குழந்தை அவர் கையில் அழாமல் இருந்தது. கிளம்புகிற அன்று நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.