எல்லையில் ஒரு துள்ளல்

ஆரம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து ரயிலில் போனால் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் இதுதான். அடுத்து வரும் தடா, ஆந்திராவில் இருக்கிறது. ஊரே எல்லையில் இருப்பதால், பதினோராம் வகுப்புக் கணக்கில் வரும் ‘இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை’ இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிய வேண்டும். பெட்ரோலுக்கு அந்தந்த மாநிலம் தனித்தனியாக வரி போடுகிறது. கோட்டுக்கு எவ்வளவு அருகில் போனாலும் இந்தப் பக்கத்து விலையும் அந்தப் பக்கத்து விலையும் ஒன்றாவதில்லை. இதுதான் துள்ளல் தொடர்ச்சியின்மை.

ஆனால் சூத்திரம் மாறும் இடத்தில் எல்லாம் சார்பு அறுந்துவிடும் என்று நினைத்தால் மார்க் போய்விடும். இதற்கு வீட்டுக் கரண்ட் பில்லே போதும்.

2022 செப்டம்பர் 10 அன்று தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தைப் பாருங்கள். அப்போது கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட் வரை உள்ளவர்களுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அடுத்த 100 யூனிட்டுக்கு தலா ரூ.2.25. அதற்கடுத்த 200-க்கு தலா ரூ.4.50. கடைசி 100-க்கு தலா ரூ.6.

200-வது யூனிட்டைத் தாண்டும்போது விகிதம் 2.25-லிருந்து 4.50-க்குத் தாவுகிறது. மொத்தப் பில் தாவுகிறதா? இல்லை. 200 யூனிட்டுக்கு ரூ.225, 201-க்கு ரூ.229.50. வரைபடத்தில் கோடு திரும்புகிறதே தவிர அறுபடவில்லை. அங்கே வகைக்கெழு இல்லை, தொடர்ச்சி இருக்கிறது. 100, 400 ஆகிய இடங்களிலும் அப்படியே.

500-ல் கதை வேறு. 500 யூனிட்டுக்கு 225 + 900 + 600 = ரூ.1725. அடுத்த யூனிட்டின் விலை ரூ.8. அப்படியானால் 501-க்கு ரூ.1733 தானே வர வேண்டும்? வந்தது ரூ.1958.

ஏன்? அந்தக் கட்டணத்தில் 500-ஐத் தாண்டியவர்களுக்கு 2.25 என்ற சலுகை விகிதமே இருக்கவில்லை. 101 முதல் 200 வரை ஏற்கெனவே எரித்த யூனிட்டுகளுக்கும் 4.50 ஆகிவிட்டது. 100 × 2.25 = 225. துள்ளலின் உயரம் அதுதான். புதிய விகிதம் இனி வரும் யூனிட்டை மட்டும் தொட்டால் கோடு திரும்பும். பழைய யூனிட்டையும் தொட்டால் கோடு அறுபடும்.

எனவே சூத்திரம் மாறும் புள்ளியில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அங்கே சார்புக்கு மதிப்பு உண்டா? இரு பக்க எல்லைகளும் சமமா? அந்த எல்லையும் மதிப்பும் ஒன்றா? இரண்டாவது கேள்வியில் தோற்றது 500. எல்லைகள் சமமாக இருந்து மதிப்பு மட்டும் பொருந்தாவிட்டால், அந்த ஒரு புள்ளியைச் சரிசெய்தால் போதும். அது நீக்கக்கூடிய தொடர்ச்சியின்மை.

75 வாட் மின்விசிறி சுமார் 13 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தவர் வெக்கையில் ஒரு ராத்திரி விசிறி போட்டுத் தூங்கியதற்கு 233 ரூபாய் கூடியிருக்கலாம். எந்தப் புள்ளியில் அறுபடுகிறது என்று தெரிந்தவர், மீட்டர் 490-ஐத் தொடும்போதே சுவிட்சைப் பார்ப்பார்.