ஓவர்டைம்

பன்விலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பழைய வானொலி இருந்தது. உம்மா சோறு வடிக்கும்போதும் தேங்காய் துருவும்போதும் அது பாடிக்கொண்டிருக்கும். பாங்கு கேட்டதும் நிறுத்துவார். தொழுது முடித்து வந்து மீண்டும் போடுவார். வாப்பா அதைப்பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இளையராஜாவின் பாடல்கள் அந்த வானொலியிலிருந்தும், வத்தேகம, மடவளை வழியாகக் கண்டிக்கு ஓடும் பஸ்களிலிருந்தும்தான் எனக்குப் பழக்கமாயின.

2021இன் கடைசியில் டுபாய்க்குப் போனேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டேராவில் ஓர் அறையில் எட்டுப் பேர். களஞ்சியம் ஒன்றில் பெட்டிகளை எண்ணி எழுதும் வேலை.

கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன எக்ஸ்போ 2020 கண்காட்சி அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. 2022 மார்ச் 5, சனிக்கிழமை இரவு, அங்குள்ள ஜூபிலி மேடையில் இளையராஜாவின் இசை நிகழ்ச்சி என்று அறிந்தேன். நுழைவுச்சீட்டு, ரயில், சாப்பாடு என்று நூறு திர்ஹம் ஒதுக்கினேன். அன்றைக்கு ஒரு திர்ஹம் ஏறத்தாழ 55 ரூபா. ஐயாயிரத்து ஐந்நூறு ரூபா! ஊரில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை அப்போது 2,675 ரூபா. கடையில் இருந்தால் இரண்டு வாங்கலாம்.

ஊரிலோ மார்ச் 2 முதல் ஒரு நாளைக்கு ஏழரை மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தது. புறப்படுமுன் உம்மாவோடு கதைத்தேன்.

"கரண்ட் இல்ல மகன். மெழுகுதிரி பத்தவச்சிட்டு ஈக்கிறோம். இண்டைக்கி லீவா?"

"இல்ல உம்மா, ஓவர்டைம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நானே திகைத்தேன். போகிறேன் என்றால் உம்மா தடுத்திருக்க மாட்டார். ஆனாலும் இருட்டில் இருப்பவரிடம், பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

யூனியன் நிலையத்தில் சாரதி இல்லாத அந்த ரயிலில் ஏறி, நின்றபடியே போனேன். மேடைக்கு முன்னால் எள் போட இடமில்லை. பக்கத்தில் நின்றவர் தேனிக்காரர். இளையராஜாவின் பண்ணைப்புரம் தங்கள் மாவட்டம்தான் என்று பெருமையோடு சொன்னார். நான் வாயைத் திறந்ததும், "தம்பி கேரளாவா?" என்றார். இலங்கை, கண்டி என்றேன். பெயரையும் கேட்டார். சொன்னதும், "உங்க ஆளுங்க வீட்லயும் தமிழா பேசுவீங்க?" என்றார். அரபு நாட்டில் அந்நியனாக இருந்து பழகியிருந்தேன். தமிழ்ப் பாட்டுக் கேட்க வந்த இடத்திலும் அந்நியனானது கொஞ்சம் சுட்டது. "உம்மா பாட்டுக் கேட்கிறதும் தமிழில்தான்" என்றேன். அவர் சிரித்து, மேடை தெரியும்படி எனக்கு இடம் விட்டு விலகி நின்றார்.

வத்தேகம பஸ்ஸில் கேட்ட ஒரு பாட்டு தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் கூடவே பாடினார்கள். அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசி அதிர்ந்தது. உம்மா!

"என்ன மகன் இவ்வளவு சத்தம்?"

"வேலை எடத்துல ரேடியோ போட்டிருக்காங்க உம்மா."

"சரி, கரண்ட் வந்திட்டுது. அதச் சொல்லத்தான் எடுத்தேன்."

அதற்குப் பிறகு பாடிய இரண்டு மூன்று பாட்டுகள் என் காதில் விழவேயில்லை.

மார்ச் 7ஆந் திகதி மத்திய வங்கி ரூபாயைக் கட்டுப்பாட்டிலிருந்து தளர்த்தியது. மாத முடிவில் ஒரு திர்ஹம் 80 ரூபாவை எட்டியது. சாமான் விலையும் சேர்ந்தே ஏறியதால் நாங்கள் அனுப்பிய காசு பெருகியும் பெருகாமலே போனது. அந்த வருடம் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி நாட்டைவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவிலிருந்தும் போனார்கள். வெளிநாட்டுக்குப் போனவன் தன் கஷ்டத்தை வீட்டுக்கு மறைப்பான் என்பது எல்லாரும் அறிந்த கதை. சந்தோஷத்தையும் மறைப்பான் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். முன்னதற்குப் பாசம் என்று பெயர் சொல்லலாம். பின்னதற்கு என்ன பெயர்?

2023இன் இறுதியில் ஊர் வந்தேன். ஒரு பின்னேரம் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கையில் உண்மையைச் சொன்னேன். உம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும். ஓவர்டைம் செய்ற எடத்துல அவ்வளவு பேர் கைதட்டுவாங்களா?"

"நீங்க இருட்டுல ஈக்கக்குள்ள எப்படி உம்மா சொல்ற?"

"கட் பண்ணாம கொஞ்ச நேரம் வச்சிருந்தா நானும் கேட்டிருப்பேனே" என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. வானொலியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தது. மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. உம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் அதை நிறுத்தினார்.