யார் வீட்டில், எப்போது?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘அன்றும் இன்றும்’ பாடம் நடத்தப் போகிற இளம் ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஆசிரியர் கையேட்டைத் திறக்கும் முன் ஓர் உழக்கைத் தேடிப் பிடியுங்கள். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஒடுகத்தூர்ப் பக்கம் அதற்கு இன்னும் பஞ்சமில்லை. பரண் மேல் பழைய பாத்திரங்களோடு கிடக்கும். கூடவே ஒரு படியும் ஓர் ஆழாக்கும் கிடைத்தால் நல்லது. கொண்டுவந்ததைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். நசுங்கலும் தேய்மானமும் அப்படியே இருக்கட்டும், பாடமே அதில்தான் இருக்கிறது.

பெயரைச் சொல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுங்கள். “இது என்ன?” என்று கேட்டால் தெரிந்த ஒருவன் கத்திவிடுவான், மற்றவர்கள் அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். “எங்கே தேய்ஞ்சிருக்கு?” என்று கேளுங்கள். எல்லா விரலும் தடவத் தொடங்கும். விளிம்பு வழவழவென்று இருப்பதை ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அது ஏன் என்று யோசிக்கும்போதே சாமையைக் கொட்டி அளக்க விடுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி. தலை தட்டி அளந்தவளுக்குக் கணக்குச் சரியாக வரும். கும்பலாக அளந்தவனுக்கு வராது. இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். விலக்கிவிட அவசரப்படாதீர்கள். விளிம்பில் கை ஓடி ஓடித் தேய்ந்த கதையும், கடைக்காரர் தராசுக்கு ஏன் மாறினார் என்ற கேள்வியும் அந்தச் சண்டையிலிருந்துதான் பிறக்கும். அளவைச் சட்டம் 1956-ல் வந்தது, அதன் பிறகு கிலோவும் லிட்டரும் கடைகளுக்கு வந்தன என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். ஆறு வயதுக்கு அந்த எண் வேண்டாம்.

இப்படிப் பாடம் நடத்தும் வேலையை எனக்குப் பழக்கியவர் என் முதல் பள்ளியின் தலைமையாசிரியை. பெரிய டீச்சர் என்போம். பிள்ளைகள் எழுதும் கீழ்மட்டக் கரும்பலகை ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொள்வார். ஒரு கேள்வி கேட்பார். கேட்டதும் முந்தானை நுனியை விரலில் சுற்றத் தொடங்குவார். சுற்றி முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். அதற்குள் எந்தப் பிள்ளையாவது பேசிவிடும். கேள்வி கேட்ட கையோடு பதிலையும் சொல்லிவிடுவது எங்கள் தொழிலின் பெரிய வியாதி. அந்த முந்தானைதான் அவர் கண்ட மருந்து. நீங்கள் சாக்பீஸை உருட்டுங்கள், வளையலைத் தள்ளுங்கள், எதுவானாலும் சரி, காத்திருக்கப் பழகுங்கள்.

அடுத்தது காலக்கோடு. சின்ன வகுப்பில் அதில் ஆண்டு எழுதக் கூடாது, ஆட்களைத்தான் கட்ட வேண்டும். ஒரு கயிற்றில் நான்கு முடிச்சு: நான், அம்மா, ஆயா (பாட்டி), ஆயாவோட அம்மா. வகுப்பறைக் கம்பிப் பந்தலில் படங்களைத் தொங்கவிடுவதுபோலவே இதிலும் பிள்ளைகள் வரைந்ததைக் கிளிப் போட்டு மாட்டலாம். மிக்சி எந்த முடிச்சில் வரும் என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா மிக்சி. “நீ பொறக்கறதுக்கு முன்னாடி வந்துச்சு” என்று அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆண்டை எண்ணாகப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்குப் பழைய நாணயத்தைக் கொடுங்கள். 1957 என்று அச்சிட்ட நயா பைசா ஒன்று என் பெட்டியில் உண்டு. முதல் ஆண்டு எண்ணை உலோகத்தில் தடவிப் படித்த பிள்ளை அதை மறப்பதில்லை.

வீட்டில் கேட்டுவரச் சொல்வதிலும் பக்குவம் வேண்டும். “அந்தக் காலம் எப்படி இருந்துச்சு ஆயா?” என்றால் “அதெல்லாம் ஒரே கஷ்டம் கண்ணு” என்பதோடு முடிந்துவிடும். “என் வயசுல காலையில எழுந்ததும் முதல் வேலை இன்னா?” என்று கேட்டால், உத்திரகாவேரி ஆற்று மணலில் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பிய கதை வரும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் போகிற பிள்ளையிடம், “முன்னாடி ஆடு எதுல வந்துச்சுன்னு கேட்டுட்டு வா” என்று சொல்லி அனுப்புங்கள். வேனைப் பற்றியும் மலையிறங்கி நடந்த கால்களைப் பற்றியும் சேர்த்தே கேட்டு வருவான்.

பாட்டிமாரை வகுப்புக்கு அழைத்தால் பேசச் சொல்லாதீர்கள். கையில் முறத்தைக் கொடுங்கள். புடைக்கிற கை வேறு, கொழிக்கிற கை வேறு. உமி முன்னால் பறக்க, சாமை பின்னால் ஒதுங்குவதைப் பார்த்த பிள்ளை முறத்தை வாங்கும். முதலில் எல்லாம் தரையில் சிந்தும். பொறுக்கி எடுப்பதற்கும் பாடவேளையில் நேரம் ஒதுக்குங்கள். ‘கஷ்டம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்று அவர்களுக்குத் தெரிவது அந்தப் பொறுக்கலில்தான். அந்த வேலைக்குள் எவ்வளவு திறமை இருந்தது என்பதும் அப்போதுதான் தெரியும்.

இந்தப் பாடத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். பயிற்சிக்கு வந்த ஓர் ஆசிரியை அன்று, இன்று என்று இரண்டு கட்டம் போட்ட தாளைக் கொடுத்தார். மலையிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த சிறுமி, உரலை ‘இன்று’ கட்டத்தில் ஒட்டினாள். ஆசிரியை சிவப்பில் பெருக்கல் குறி போட்டுவிட்டார். பெரிய டீச்சர் தாளை வாங்கிப் பார்த்து, “அவ அம்மா நேத்து அதுலதான் சாமை குத்துனாங்க. எது தப்பு?” என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அந்தப் பள்ளியில் இரண்டு கட்டத் தாள் இல்லை. எந்தப் பொருளை எடுத்தாலும் ‘யார் வீட்டில், எப்போது?’ என்றே கேட்டோம். அடிவாரத்து வகுப்பறையில் ஒருவரின் பழங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் இன்றைய காலை. அதைப் பழசு என்று சொல்லும் ஆசிரியர் அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பழசாக்கிவிடுகிறார்.

மாற்றத்தைப் பிள்ளைகளின் சொந்த நினைவிலேயே காட்டவும் வழியிருக்கிறது. பள்ளியில் காலை உணவு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது 2023 ஆகஸ்டில். சின்னப் பிள்ளைகளுக்கு அது எப்போதும் இருந்த ஒன்று. அது இல்லாத காலத்தைக் கண்ட பெரிய பிள்ளை ஒருவரை அழைத்துவந்து உட்கார வையுங்கள். “நாங்க வர்றப்ப இல்ல” என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது, சின்னவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். 1982-ல் தொடங்கிய சத்துணவைச் சாப்பிட்ட அப்பாவும் தாத்தாவும் அடுத்த சாட்சிகள்.

மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தைப் பக்கம் சாலை வருவதற்கு முன், நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த கதையை ஒருமுறை பெரியவர்கள் சொல்லக் கேட்டபோது, ஒரு பையன் எழுந்தான். சாலை எட்டாத குக்கிராமம் அவனுடையது. “எங்க ஊருக்கு ரோடு எப்ப டீச்சர் வரும்?” என்றான். கற்றல் விளைவுப் பட்டியலில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. காலக்கோட்டுக் கயிற்றில் இடமிருந்தது. ‘நான்’ முடிச்சுக்கு அப்பால் ஒரு சீட்டில் எழுதி மாட்டினோம். இப்படி ஒரு கேள்வி உங்கள் வகுப்பில் வந்தால், பாடம் முடிந்துவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எதெல்லாம் மாறியது, யார் மாற்றினார்கள் என்று கேட்டுப் பழகிய பிள்ளைதான், இனி எது மாற வேண்டும் என்றும் கேட்கும். உழக்கில் தொடங்கி நாம் இத்தனை பாடுபடுவது அதற்காகத்தான்.