திண்ணையில ஒரு விசாரணைக் கமிஷன்

தெருவுல இருக்கற பிளஸ் ஒன் பசங்க நாலு பேருக்கு ஸ்கூல் புராஜெக்ட்.
தலைப்பு: நுழைவுத்தேர்வு யாருக்கு லாபம்?
கையில நோட்டு, போன்ல ரெக்கார்டர். முதல் சாட்சி நான்!

"அங்கிள், உங்க கட் ஆஃப் எவ்ளோ?"

"அப்பல்லாம் 300க்குப்பா. பிளஸ் டூ 200, என்ட்ரன்ஸ் 100. 2006ல மசோதா போட்டு என்ட்ரன்ஸை எடுத்தாங்க, 2017ல தமிழ்நாட்டுல மெடிக்கலுக்கு நீட் வந்துச்சு..."

"சரி அங்கிள், மார்க்கு?"

விட மாட்டேங்குதுங்க!

ஒரு பொண்ணு நோட்டைத் திருப்பிக் காட்டுச்சு.
நீட்டோட தாக்கத்தை ஆராய்ஞ்ச ஏ.கே.ராஜன் குழு அறிக்கைலேர்ந்து எடுத்த கணக்கு.
மருத்துவ சீட் வாங்கினவங்கள்ல ரிப்பீட்டர்ஸ்:
2016-17ல 12.47%.
2020-21ல 71.42%.
கீழ பென்சில்ல: 'ஒரு வருஷம் வீட்ல உக்கார வச்சு கோச்சிங் அனுப்ப யாரால முடியும்?'

"எங்க காலத்துலயும் கோச்சிங் டவுன் பசங்களுக்குத்தான்"னேன், பெரிய மனுஷன் மாதிரி.
"அதையும் எழுதிக்கறோம். மார்க்கு இன்னும் சொல்லல அங்கிள்."

காபி குடிச்சிட்டு, கெளம்பறப்ப ஒண்ணு கேட்டாங்க.
பிளஸ் டூ மார்க்னா மனப்பாடம்ங்கறீங்க, நீட்னா கோச்சிங்கிறீங்க.
அப்ப எதை வச்சுத்தான் சீட்டு குடுக்கறது?

எனக்குப் பதில் வரல. உங்க யாருக்காச்சும்?